மகமை ஏட்டில் என் பக்கம்

அந்தக் கார்த்திகை மாதம் திருப்பூருக்குப் போன பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் நான் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். "என் பக்கத்துல இருக்கிற பணத்தை எங்க சந்தைப்பேட்டை நர்ஸம்மாவோட ஒரு வருஷச் சம்பளத்துக்குக் குடுத்துப்போடுங்க." அவ்வளவுதான். பல்லடம் தாண்டுவதற்குள் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பிறகு, "குடுத்துப்போடுங்க" என்பது மண்டி முதலாளிக்கு நான் உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறதே என்று பட்டது. "குடுத்தாத் தேவலைங்க" என்று மாற்றினேன். அது கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மறுபடியும் பழையதற்கே வந்தேன். உள்ளங்கை வேர்த்து டிக்கெட் நனைந்துபோயிற்று.

நான் பருத்தி வாங்கி விற்கிறவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள குடியானவர்களிடம் பருத்தி வாங்கி, வண்டியேற்றி, திருப்பூரில் ஒரே மண்டியில் இருபது வருஷமாகப் போட்டுவருகிறேன். வாய் பேசாதவன் எப்படி வியாபாரம் செய்கிறான் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துப் பேசுவோம். அந்த வழக்கம் இல்லையென்றால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். துண்டுக்கடியில் எனக்குப் பயம் கிடையாது. துண்டை எடுத்துவிட்டால் போச்சு.

மகமை எல்லா மண்டியிலும் உண்டு. ஒவ்வொரு பொதிக்கும் தர்மத்துக்கென்று கொஞ்சம் பிடித்துவைப்பார்கள். எங்கள் மண்டியில் பெரிய முதலாளி அதற்குமேல் இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார். விருப்பப்பட்டவர்கள் மகமை ஏட்டில் தங்கள் பெயருக்கு ஒரு தனிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். தங்கள் இஷ்டம்போல் அதில் போட்டுவரலாம். மண்டி அதை வட்டியோடு வைத்திருக்கும். போட்டபின் அது நம் பணமில்லை. திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அது எந்தக் காரியத்துக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்லலாம். சொல்லலாம், அவ்வளவே; செய்கிறதும் செய்யாததும் மண்டியின் பொறுப்பு. ஒரே ஒரு கட்டுப்பாடு: சொன்னவன் வீட்டுக்கு அதில் நேராகவோ சுற்றிவளைத்தோ ஒரு பலனும் வரக்கூடாது.

பருத்தி விலை விழுந்த வருஷம் ஒருத்தர் வந்து, நிலம் ஏலத்துக்குப் போகிறது, என் பக்கத்தில் இருப்பதையாவது கொடுங்கள் என்று முதலாளி எதிரில் அழுதார். முதலாளி எழுந்து உள்ளே போய்த் தன் சொந்தப் பணத்தை எடுத்துவந்து கடனாகக் கொடுத்தார். ஏட்டைத் தொடவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தவன்.

என் தங்கை முதல் பிரசவத்தில் இறந்துபோன வருஷம் நான் பக்கம் ஆரம்பித்தேன். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். வண்டிக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டே வந்தேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பக்கம் வைத்திருக்கிறவர்களை எல்லாம் முதலாளி கூப்பிட்டுக் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் நான் "இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அந்த வருஷம்தான் சொல்லவேண்டிய காரியம் வந்தது.

எங்கள் ஊருக்கு இரண்டு மைலில் சந்தைப்பேட்டை. அங்கே ஒரு நர்ஸம்மா நாலு வருஷமாக இருந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவர். புருஷன் இல்லை. கறுப்புக் குடையும் தோல்பையுமாக எல்லா ஊருக்கும் நடந்தே போவார். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் தம் தாயார் நினைவாக அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்தார். பருத்தி விலை எழவே இல்லை. பண்ணைக்காரர் கையை விரித்துவிட்டார். வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மாவுக்கு வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. தை பிறக்கும்போது போய்விடுவதாகச் சொன்னார். என் பக்கத்தில் இருந்தது அவருடைய ஒரு வருஷச் சம்பளத்துக்குச் சரியாக வரும்.

இதில் ஒரு முள் இருந்தது. என் மகள் அப்போது ஆறாவது மாதம், எங்கள் வீட்டில் இருந்தாள். முந்தைய வருஷம் முதல் குழந்தை பிறந்து மூச்சுவிடவில்லை. மூன்று நாள் வலி. ஊர் மருத்துவச்சிக்குக் கை ஓயவில்லை, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. மகள் பிழைத்ததே பெரிது. கோயமுத்தூர் டாக்டர், அடுத்த பிரசவத்தைப் படித்தவர்கள் பார்த்தால்தான் ஆச்சு என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, நர்ஸம்மாவுக்குச் சம்பளம் என்று நான் வாயெடுத்தால், அது தர்மமா, என் வீட்டுக் காரியமா? கிளம்புகிற அன்றைக்கும் இதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரிக்கு அந்த அரிப்பெல்லாம் இல்லை.

"ஏனுங்க, இன்னைக்காச்சும் வாயைத் தொறந்து சொல்லிப்போட்டு வாங்க. தலையை ஆட்டிப்போட்டு வந்துறாதீங்க."

"சொல்லோணும்னுதானே போறேன்."

"தீவாளிக்கு நீலச் சேலை வாங்கோணும்னுதான் போனீங்க. கடைக்காரன் எடுத்து நீட்டுனான்னு மாம்பழக் கலருல வாங்கிட்டு வந்தீங்க. நானும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பாவ உடும்மா. அந்தக் கலரு உனக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்போடுதான் பஸ் ஏறினேன்.

மண்டிக்குப் போனபின்தான் பெரிய முதலாளி படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை. அவர் உட்காருகிற மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, மேஜை நாற்காலி போட்டு அவருடைய மகன் உட்கார்ந்திருந்தார். சென்னையில் படித்தவர். கையில் கடிகாரம். நல்ல மரியாதைதான், ஆனால் வேகம்.

பெரிய முதலாளி கேட்கிற முறை எங்களுக்கெல்லாம் பழகியது. முதலில் கேட்பார். எல்லோரும் "நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க" என்போம். எங்கள் பக்கத்தில் எந்த மனுஷனும் முதல் தடவை கேட்டதும் தன் விருப்பத்தைச் சொல்லமாட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்படித்தான். முதலில் வேண்டாம் என்று சொன்னால்தான் மரியாதை. காப்பி வரும். மழை, மாடு, பருத்தி என்று பேச்சுப் போகும். பிறகு மறுபடியும், "அட, சும்மா சொல்லுங்க. உங்க மனசுல என்ன இருக்குது?" என்பார். அப்போதுதான் சொல்வோம். எனக்கு மட்டும் மூன்றாவது தடவையும் கேட்பார். என் சுபாவம் அவருக்குத் தெரியும்.

சின்ன முதலாளி என்னை உட்காரச் சொன்னார். ஏட்டைப் பிரித்து என் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"உங்க பக்கத்துக்கு இந்த வருஷம் ஏதாச்சும் சொல்றீங்களா? இல்ல, மண்டியே பாத்துச் செஞ்சரட்டுங்களா?"

"நீங்க பாத்துச் செஞ்சாச் செரிங்க."

"ரொம்ப சந்தோசங்க" என்று எழுதினார். மை காய்வதற்கு மேலே ஊதினார். பக்கத்தைத் திருப்பினார். "அடுத்தது யாருங்க?"

நான் எழுந்து கைகூப்பிவிட்டு, பழக்கம்போல் ஓரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. குடித்தேன். அடுத்து வந்த கடலையெண்ணெய் வியாபாரி ஒரே மூச்சில், "எங்கூரு ஸ்கூல் கூரை ஓட்டை மாத்தோணும், அதுக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். என்ன அவசரம் இவருக்கு என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கூப்பிடுவார்கள் என்று வாக்கியத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தேன். கூட்டம் குறைந்தது. சின்ன முதலாளி ஏட்டை மூடி உள்ளே எடுத்துப்போனார்.

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்து, "இன்னும் என்னுங்க?" என்றார். அவர் பெரிய முதலாளி காலத்து ஆள்.

"ஒண்ணுமில்லீங்க. இன்னொருக்காக் கூப்பிடுவாங்கன்னு..."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "சின்னவரு ஒருதரந்தான் கேக்கறாருங்க. அப்பிடியே எழுதிப்போடறாரு. உங்களுது பழனிச் சோத்துக்குன்னு எழுதியாச்சுங்களே."

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியில் சோறு போடுவது மண்டியின் வழக்கமான தர்மம். எதுவும் சொல்லாதவர்களின் பணம் அதில்தான் போய்ச் சேரும்.

"நல்ல காரியந்தானுங்க" என்றார் கணக்குப்பிள்ளை, என்னைத் தேற்றுகிறவர் போல.

"ஆமாங்க, நல்ல காரியந்தானுங்க" என்றேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள், "சொல்லிப்போட்டீங்களா?"

"பேசுனேன்" என்றேன்.

பேசியது உண்மை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த நம்பிக்கைதான் என்னைக் கொன்றது. அடுத்த நாள் காலையில் மகள் நர்ஸம்மாவுக்கென்று ஒரு பாத்திரம் நிறையக் கொள்ளுப் பருப்பு கொடுத்தனுப்பினாள், எங்கேயும் போய்விடாதீர்கள் என்று சொல்லச் சொல்லி. நான் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. பனி. எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டிக்கு மறுபடி போகலாம் என்று மூன்று தடவை பஸ் நிற்கிற இடம்வரை போனேன். அங்கே நின்றதும், என்ன சொல்வது என்று தோன்றும். நான்தானே உங்கள் இஷ்டம் என்றேன்? எழுதியதை அடிக்கச் சொல்ல நான் யார்? சரி, போனால்தான் என்ன, உன் மகளுக்காகத்தானே போகிறாய் என்று இன்னொரு பக்கம். ஒருவேளை என் வாயைக் கடவுளே அடைத்திருப்பார், என் வீட்டுக்குப் பலன் போய்ச் சேரக்கூடாது என்று. இப்படி நினைத்தால் கொஞ்சம் நிம்மதி வரும். ஆனால் வீட்டுக்குப் போய் மகளின் முகத்தைப் பார்த்தால் அந்த நிம்மதி நிற்காது.

ஒரு நாள் உச்சி வெயிலில் நர்ஸம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, வண்டி பூட்ட முடியுங்களா? ஓடையில தண்ணி வந்துருச்சு. அந்தப் பக்கத்துச் சாளையில ஒரு பொம்பளைக்கு நேத்துல இருந்து வலி."

பண்ணையாட்கள் குடியிருக்கிற குடிசைகளைத்தான் சாளை என்போம். சாதாரணமாக எங்கள் ஆட்கள் அங்கே போவதில்லை. நான் வண்டி பூட்டினேன். நேற்றிலிருந்து வலி என்றபின் யோசிக்க என்ன இருக்கிறது. ஓடையில் தண்ணீர் அச்சுவரை வந்தது. நர்ஸம்மா பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் ஒரு வேலமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். குடிசைக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தை எழுதப் போவதில்லை. என் தங்கையின் வீட்டு முற்றத்தில் நான் கேட்ட அதே சத்தம். போன வருஷம் என் வீட்டிலேயே கேட்டது. அந்தப் பெண்ணின் புருஷன் எனக்கு எதிரில் குந்தியிருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்து, முழங்கைவரை தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"ரெண்டு உசுரும் நிக்குதுங்க" என்றார் அவனிடம். அவன் தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் பையைத் திறந்து ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "எஸ்டேட்டுல இருந்து ரெண்டாவது கடுதாசி வந்துருச்சுங்க. நான் பதில் எழுதோணும்" என்றார்.

"இங்க உட்டுட்டுப் போவீங்களா?" அவ்வளவுதான் எனக்குக் கேட்க வந்தது.

"சோத்துக்கு வழி வேணுங்களே. அங்க கூலிக்காரங்க லைன் வீட்டுலயும் பிள்ளை பெத்துக்கிட்டுத்தான் இருக்காங்க." சற்றுக் கழித்து, "உங்க மககிட்டச் சொல்லிப்போடுங்க. மாசி மாசத்துக்குக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில எடம் பாத்து வெச்சுக்கோணும். உங்களுக்கு வசதி இருக்குது. இவங்களுக்குத்தான்..." என்று குடிசைகள் இருந்த பக்கம் தலையை அசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பேச்சுத்தான் என் முடிச்சை அவிழ்த்தது. மகளுக்கு வேறு வழி உண்டு. தங்கைக்கு இல்லை. அந்தக் குடிசைக்காரிக்கு இல்லை. அப்படியானால் என் மகளை இந்தக் காரியத்திலிருந்து நானே பிரித்து எடுத்துவிட்டால், மீதி இருப்பது தர்மம்தான். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் மண்டிக்குப் போய், சின்ன முதலாளி "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், நின்றபடியே சொல்லிவிட்டேன். வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. நர்ஸம்மா, சம்பளம், சந்தைப்பேட்டை என்று தனித்தனியாக விழுந்தது. ஆனால் அவருக்குப் புரிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார், உண்மையாகவே புரியாமல்.

கணக்குப்பிள்ளை குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார். சின்ன முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று.

"பாதிப் பணத்துக்கு அரிசி வாங்கியாச்சுங்க. அதைத் திருப்ப முடியாது. மீதி ஆறு மாசச் சம்பளத்துக்கு வரும். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க மக பிரசவத்துக்கு ஊட்டுல இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"அப்புறம் எப்பிடிங்க? எங்கப்பாரு வெச்ச கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததில்ல. நாளைக்கு இன்னொருத்தர் வந்து, அவருக்குச் செஞ்சீங்களே, எனக்குச் செய்யுங்கன்னு நிப்பாரு."

"அந்தம்மா என் ஊட்டுக்கு வரமாட்டாங்க" என்றேன். "மகளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்த ஆறு மாசமும் அவங்க என் வாசப்படி ஏறமாட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் உங்களைக் கேக்கலீங்க. நீங்களாச் சொல்றீங்க."

"நானாத்தான் சொல்றேன்."

ஏட்டை எடுத்து எழுதினார்.

நர்ஸம்மா ஆறு மாதம் இருக்க ஒப்புக்கொண்டு எஸ்டேட்டுக்குத் தவணை கேட்டு எழுதினார். என் வீட்டுக்காரியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், கார்த்திகையில் மறைத்ததையும் சேர்த்து. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஊர் முழுக்கப் பிள்ளை பெக்கறதுக்கு ஒரு ஆளைப் புடிச்சு வெச்சுப்போட்டு, பெத்த மகளுக்கு மட்டும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்க. வாயைத் தொறக்கச் சொன்னது என் தப்புதான்."

கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு அறை கேட்டு வைத்தேன். தை முப்பதாம் தேதி கிளம்புவதாக ஏற்பாடு. மூட்டைகூடக் கட்டியாயிற்று.

தை இருபதாம் தேதி மத்தியானம் மகளுக்கு வலி வந்துவிட்டது.

எட்டாம் மாதம்தான். காலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். இடுப்பு எல்லோருக்கும்தான் வலிக்கும் என்று நினைத்தோம். நான் வண்டி பூட்டப் போனேன், பஸ் நிற்கிற இடத்துக்காவது கொண்டுபோகலாம் என்று. அவளைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, போன தடவை மாதிரியே இருக்குது" என்றாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து மாட்டின் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன்.

என் வீட்டுக்காரி என்னைக் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆளைச் சந்தைப்பேட்டைக்கு ஓடச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை.

நர்ஸம்மா வந்தபோது நான் வாசலில் நின்றேன். "அம்மா, நான் மண்டியில வாக்குக் குடுத்துருக்கறேன்" என்று ஆரம்பித்தேன். வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நவுந்து நில்லுங்க" என்றார். நான் நகர்ந்து நின்றேன்.

கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்தேன். குழந்தை பிழைத்தால் வாக்குத் தவறியவன். பிழைக்கவில்லையென்றால் என்ன என்று யோசிக்கவே துணியவில்லை. இப்படி இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் காலால் வந்துகொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். நல்லவேளை, அப்போது எனக்குச் சொல்லவில்லை.

பெண் குழந்தை. முழங்கை நீளம்கூட இல்லை. பஞ்சில் சுற்றி வைத்தார்கள். பஞ்சுக்கு என் வீட்டில் குறைவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டே, "அழுவுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதது.

பத்து நாள் கழித்து நான் திருப்பூருக்குப் போனேன். போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. சின்ன முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் வந்து எங்கிட்டச் சொல்லலீங்களே."

"இல்லீங்க. நான்தான் சொல்றேன்."

"குழந்தை எப்பிடி இருக்குது?"

"பால் குடிக்குதுங்க."

"நல்லதுங்க." ஏட்டைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். "நர்ஸம்மாவுக்கு எழுதினது எழுதினதுதான். ஆனி வரைக்கும் போகும். ஆனா உங்க பக்கத்தை மூடித்தான் ஆகோணும். இனி நீங்க போடறது மண்டிப் பொதுவுல சேரும். சொல்றதுக்கு உங்களுக்குப் பாத்தியதை இல்லீங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது."

"செரிங்க" என்றேன். நியாயம்தான். அவர் இடத்தில் அவர் அப்பா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். எழுந்தபின் கேட்டேன், "ஆனிக்கு மேல அந்தம்மாவுக்கு?"

"வேற யாராச்சும் பக்கம் வெச்சிருக்கறவங்க வந்து சொன்னாச் செய்யலாமுங்க. அது அவங்க இஷ்டம்."

பக்கம் வைத்திருக்கிறவர்கள் இருபது பேருக்குமேல் உண்டு. அவிநாசியிலிருந்து உடுமலைவரை இருக்கிறார்கள். முகம் எல்லாம் தெரியும், பேசிப் பழக்கமில்லை. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பருத்தி வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். நர்ஸம்மா எதுவும் கேட்கவில்லை. குழந்தையைப் பார்க்க வருவார், எடை போட்டுப் பார்ப்பார், குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வீட்டு மூலையில் தகரப்பெட்டி ஒன்றைத் துடைத்து வைத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். வைகாசி முதல் வாரம் கிளம்பினேன்.

முதலில் போனது பள்ளிக்கூட ஓட்டுக்குக் கொடுத்த அந்தக் கடலையெண்ணெய் வியாபாரியின் தோட்டத்துக்கு. நாய் குரைத்தது. அவர் செக்குக்கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கட்டில் போட்டார், மோர் கொடுத்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நர்ஸம்மாவைப் பற்றி, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணைப் பற்றி, ஆனிக்கு மேல் சம்பளம் இல்லை என்பதைப் பற்றி. என் மகளைப் பற்றியும் சொன்னேன். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். கெட்டவர் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா எல்லா ஊட்டுக்கும் போவாங்கன்னு சொல்லிக்கறாங்க. சாளைக்கும் போயிட்டு, அதே கையோட நம்ம ஊட்டுக்கும் வருவாங்களா?" என்றார்.

அவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இல்லை, கழுவிக்கொண்டு வருவார், முதலில் நம் வீடு, பிறகுதான் அங்கே என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆறு மாதச் சம்பளம் அங்கேயே கிடைத்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். மோர்ச் சொம்பு கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"வருவாங்கங்க. என் ஊட்டுக்கு அப்பிடித்தான் வந்தாங்க" என்றேன்.

அவர் செக்கைத் திரும்பிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புரியும். நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். பக்கம் வைத்திருக்கிற அடுத்தவரின் தோட்டம் கால் மைலில் இருந்தது, வழியில் நிழல் இல்லை. ஆனி முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.